குணசேகரன் அண்ணன் மாற்றாமல் போன பிக்கப்

குணசேகரன் அண்ணன் போய்விட்ட செய்தி எனக்கு அரியலூர் ரயில் நிலையத்தில் வந்தது. அவருடைய கிடாருக்குப் புது பிக்கப் வாங்கத்தான் சென்னைக்குக் கிளம்பியிருந்தேன். "திரும்பிடுங்க தம்பி, அண்ணன் போயிட்டாரு" என்றார் அண்ணி, செல்போனில். எடுத்த டிக்கெட்டோடு பெரம்பலூர் பஸ் ஏறினேன். நம் இன்னிசைக் குழுவில் அவரோடு மேடையேறிய எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

கம்பியின் அதிர்வைக் காந்தத்தாலும் சுருளாலும் வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது பிக்கப். அவருடையது இரட்டைச் சுருள் வைத்த ஹம்பக்கர். சிறுவாச்சூர்த் திருவிழாவில் சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் சேர்ந்து இரைந்தாலும் அவர் கிடாரில் அந்த இரைச்சல் ஏறாது. பக்கத்தில் கீபோர்டோடு நிற்கும் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஆனால் பிக்கப்புக்கு வயதாகிவிட்டது. சுருளில் ஊற்றிய மெழுகு விட்டுப்போய், சத்தம் கூட்டினால் ஊளையிடும். அருகில் பேசினால் பேச்சும் ஸ்பீக்கரில் வரும். மாற்றச் சொல்லி நச்சரித்தேன். "காந்தம் ரொம்ப வலுவா இருந்தா பாடுறவங்க குரல அமுக்கிரும். மெதுவானதாப் பாப்போம்" என்று மூன்று மாதம் யோசித்தார். மெழுகு ஊற்றியது வேண்டுமா என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

காரணம் வாலிகண்டபுரத்தில் தெரிந்தது. மேடை கட்டிக்கொண்டிருந்த மதிய நேரம். அண்ணன் கிடாரின் மேல் குனிந்து, "செந்திலு, இருக்கியா?" என்றார். செந்தில் அவருடைய தம்பி, நம் பாடகன், லாரி மோதிச் செத்தவன். ஸ்பீக்கரில் அண்ணனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"உங்க குரல்தாண்ணே."

"மொதல்ல வர்றது என்னுது. அப்புறம் வர்றதக் கேளுங்க."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்டுவிடுமோ என்று பயந்து இறங்கிப் போய்விட்டேன்.

பிறகு அரியலூரில் ஒரு கல்யாண வரவேற்பில் கிடார் ஊளையிட, பெண் வீட்டார் பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். குழுவுக்கே கெட்ட பெயர். நானும் எல்லார் முன்னாலும் அவரைக் கடிந்துகொண்டேன். மறுநாள் வந்து, "மெழுகு நல்லா ஊத்துனதாவே வாங்கிட்டு வாங்க. அவனப் போவ விட்டுருவோம்" என்றார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. அதற்கு இரண்டாம் நாள் காலையில் மாரடைப்பு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டு, கிடாரை இணைத்திருந்த ஸ்பீக்கரைப் போட்டார். இருவரும் வாய் திறக்கவில்லை. கிடாரை யாரும் தொடவில்லை. ஸ்பீக்கரில் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. ரோட்டில் லாரி போகிற அதிர்வு என்றேன்.

"தினம் ரெண்டு பேரு பேசிக்கிறாங்க தம்பி. என்னய மட்டும் கூப்புட மாட்டேங்குறாங்க. எனக்குத் தாங்கல, நீங்க எடுத்துட்டுப் போங்க."

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கிடார்தான். பிக்கப்பை மாற்றவில்லை. அவரைக் கடிந்துகொண்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஸ்பீக்கரோடு இணைக்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.