லிட்டருக்கு எண்பது

போன மாதம் புது வண்டி எடுத்தேன். சின்ன வண்டிதான், நூறு சிசிக்குக் கொஞ்சம் மேலே. தர்மபுரியில் ஷோரூம் பெண் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, ஹேண்டில்பாருக்கு நடுவில் இருந்த திரையில் ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டினார். டேங்க்கில் இருக்கிற பெட்ரோலுக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகும் என்று வண்டியே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுமாம். "கவலையே வேணாம் சார். லிட்டருக்கு அறுபத்தஞ்சு கண்டிப்பா குடுக்கும்" என்றார். அதற்குள் என் இடது கை டேங்க்குக்கு அடியில் போய்த் துழாவிக்கொண்டிருந்தது. என்ன தேடுகிறேன் என்று கேட்டார். பெட்ரோல் டேப்பைத் தேடினேன். ஆன், ஆஃப், ரிசர்வ் என்று திருகுவோமே, அதுதான். அதெல்லாம் இப்போது எந்த வண்டியிலும் வருவதில்லை என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்டிப்பாகக் கொடுக்கும் என்று யாராவது மைலேஜ் பேசினாலே எனக்கு உச்சந்தலை சூடாகிவிடும். வீட்டில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். இருபத்தைந்து வயதில் அப்படி ஒரு எண்தான் எனக்குத் திருடன் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த எண்ணை அச்சடிக்கிறார்களே, அவர்களை ஒரு நாள் பின்னால் உட்காரவைத்துச் சித்தேரி மலையில் ஏற்றிக்காட்ட வேண்டும் என்ற ஆசை இன்னும் போகவில்லை.

அப்போது பாப்பிரெட்டிப்பட்டியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஒரு தனியார் பால் கம்பெனிக்காக மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற வேலை. கம்பெனியின் பெயரைச் சொன்னால் அதற்கும் ஒரு விளம்பரம்தான், வேண்டாம். கீழே பத்துப் பதினைந்து ஊர், மேலே சித்தேரிப் பக்கம் ஏழெட்டு ஊர். பருவத்துக்கு வந்த மாடு காலையில் கத்த ஆரம்பித்ததென்றால் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். விட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், அந்த வீட்டில் பாலும் அவ்வளவு தள்ளிப்போகும். அதனால் என் வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்பது எனக்கு மட்டுமான கவலையாக இல்லை. மலையில் பலருக்கு என் பெயர்கூடத் தெரியாது, ஊசிக்காரர் என்றால்தான் தெரியும்.

வண்டி கம்பெனியுடையது. பெட்ரோலுக்கு மாதாமாதம் கூப்பன் கொடுப்பார்கள். எத்தனை கூப்பன் என்பதைத் தர்மபுரி ஆபீசில் எங்கள் மேனேஜர் வண்டியின் கேட்லாக்கைப் பார்த்து முடிவு செய்வார். லிட்டருக்கு எண்பது என்று அதில் போட்டிருந்தது. அந்தப் பளபளக் காகிதத்தை நானும் பார்த்திருக்கிறேன். நேர் ரோட்டில் ஒரு ஆள் தலைமுடி கலையாமல் போய்க்கொண்டிருப்பான். அவனுக்குப் பின்னால், விந்துக் குழல்களை உறையவைத்திருக்கிற நைட்ரஜன் கேன் இல்லை. ஊசிப் பெட்டி இல்லை. முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏற ஒரு கொண்டை ஊசி வளைவும் இல்லை. எனக்கு மலையில் நாற்பத்தைந்து கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

அந்த நாற்பத்தைந்தை ஐம்பதாக்க என்னவெல்லாம் செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இறக்கம் முழுக்க எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் வருவேன். நான் மட்டுமில்லை, மலையிலிருந்து இறங்குகிற எல்லோருமே அப்படித்தான். சத்தமே இல்லாமல் வண்டிகள் வளைவில் வந்து நிற்கும், ஏறி வருகிற பஸ் டிரைவர் எங்கள் பரம்பரையையே திட்டுவார். டேங்க்கை ஆட்டிக் காதை வைத்துக் கேட்டே இன்னும் எத்தனை ஊர் போகலாம் என்று சொல்வேன். ரிசர்விலும் தீர்ந்து போனால் வண்டியை இடது பக்கமாகப் படுக்கவைத்து நிமிர்த்த வேண்டும், அந்தப் பக்கம் ஒதுங்கியிருந்த கொஞ்சம் இந்தப் பக்கம் வரும். அப்புறம் மூடியைத் திறந்து வாயை வைத்து ஊதுவேன். அதனால் என்ன பயன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஊதாமல் யாரும் தள்ள ஆரம்பித்ததில்லை. வீட்டுக்கு வந்து சோறு பிசைந்தாலும் மீசையில் பெட்ரோல் வாசனை அடிக்கும்.

மீசையில் பெட்ரோல் ஏறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலையில் பெட்ரோல் பங்க் கிடையாது. யார் வண்டி நின்றாலும், எதிரில் வருகிறவர் நிறுத்தித் தன் வண்டியின் பெட்ரோல் டியூபைப் பிடுங்கி ஒரு கால் பாட்டில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவார். டியூப் கழன்று வராவிட்டால் டேங்க்கில் வேறு டியூபை விட்டு வாயால் உறிஞ்ச வேண்டும். காசு கொடுத்தால் வாங்க மாட்டார்கள். வாங்கியவரிடம் திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள். அடுத்து எவர் நிற்கிறாரோ அவருக்கு இவர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் சட்டம். நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் மாதத் தொடக்கத்தில் கூப்பன் போட்டு டேங்க் நிரப்புகிற ஆள் நான் ஒருவன்தானே. கொடுத்ததுதான் அதிகம்.

இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? எழுதவில்லை. கூப்பனும் ஓடிய கிலோமீட்டரும் பொருந்தவில்லை என்று ஒரு நாள் மேனேஜரே பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மெக்கானிக் பாஷா பாய் கடை. அங்கே என் வண்டியை நிறுத்தி, பாட்டில் டெஸ்ட் போடச் சொன்னார். டேங்க் டியூபை அடைத்துவிட்டு, நூறு மில்லி பெட்ரோலை ஒரு பாட்டிலில் ஊற்றி ஹேண்டிலில் தொங்கவிட்டு, அது தீரும்வரை ஓட்டிப் பார்க்கிற பரிட்சை அது. கேனை இறக்கி வைத்தாயிற்று. மேனேஜர் ஒல்லி. விடிகாலை, காற்று இல்லை, பொம்மிடி ரோடு நேராகப் போகிறது. நாற்பதுக்கு மேல் முறுக்காமல் போய் ஏழரை கிலோமீட்டரில் நின்றார். அப்படியானால் லிட்டருக்கு எழுபத்தைந்து.

திரும்பி வந்து, கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் முன்னால், "மிச்சத்த எங்கய்யா விக்கிற?" என்று கேட்டார்.

ஒரு சொட்டு விற்றதில்லை நான். ஆனால் கொடுத்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. எழாததுதான் அவருக்குப் போதுமானதாக இருந்தது. பாஷா பாய்தான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "சார், இதே வண்டிய கேனோட ஒருக்கா மலையில ஏத்திப் பாருங்க. அப்பறம் அவரத் திருடன்னு சொல்லுங்க" என்றார். மேனேஜருக்கு ரோஷம் வந்துவிட்டது. இதே மாடல் வண்டிதான் தன்னிடமும் இருக்கிறது, அதில் ஒரு லிட்டர் இருக்கிறது, போய்வரவே போதும், இப்போதே போகலாம் என்றார். பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள் என்று பாய் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. எண்பது கொடுக்கிற வண்டிக்கு எதற்குப் பெட்ரோல்?

நான் என் வண்டியில் பின்னாலேயே போனேன். உச்சிக்கு மூன்று வளைவு இருக்கும்போது அவர் வண்டி இரண்டு முறை இருமியது. அவர் கை இடது பக்கம் டேப்புக்குப் போனது. ஏற்கனவே ரிசர்வில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது.

இங்கே நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். என் டேங்க்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. டியூபைப் பிடுங்கினால் இரண்டு நிமிட வேலை. நான் கைகட்டி நின்றேன். "கம்பெனி பெட்ரோல் சார். யாருக்கும் குடுக்கக் கூடாதில்லீங்களா?" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. அவர் வண்டியைச் சாய்த்தார், நிமிர்த்தினார். மூடியைத் திறந்து வாயை வைத்து ஊதவும் செய்தார். எனக்கு வாழ்க்கையில் அதைவிட நல்ல காலைப்பொழுது வாய்த்ததில்லை என்று அப்போது நினைத்தேன்.

அப்போதுதான் சடையன் வந்தார். மேலே சாமை போட்டு, இரண்டு மாடு வைத்திருந்தவர். அவருடைய பழைய வண்டி எஞ்சின் அணைந்து சத்தமில்லாமல் இறங்கி வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து காலி பாட்டிலை எடுத்து, டியூபைப் பிடுங்கி, பிடித்து மேனேஜர் டேங்க்கில் ஊற்றிவிட்டார். மேனேஜர் பர்ஸை எடுத்தார். சடையன் கையைத் துடைத்துக்கொண்டே, "காசு வேணாங்க. யாராச்சும் நின்னாங்கன்னா அவங்களுக்கு ஊத்தி வுடுங்க" என்றார். அதற்கப்புறம்தான் என்னைக் கவனித்தார். என் டேங்க்கை ஒரு தட்டுத் தட்டினார். அந்தச் சத்தத்திலேயே எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

"உங்க வண்டியில இல்லீங்களா?"

நான் வெட்கப்படுவதைப் பார்த்துச் சமாளிக்க நினைத்தாரோ என்னவோ, மேனேஜர் பக்கம் திரும்பி என்னைப் புகழ ஆரம்பித்தார். "நல்ல மனுசங்க இவரு. எங்க ஊருக்காரங்களுக்கு எத்தினி தடவ ஊத்தியிருக்காரு தெரியுங்களா?"

மேனேஜருக்கு அதுவரை சாட்சி இல்லை. இப்போது கிடைத்துவிட்டது. சடையன் ஊற்றிய பெட்ரோலில் வண்டியைத் திருப்பி, இறக்கத்தில் எஞ்சினை அணைக்கக்கூடத் தெரியாமல் உறுமிக்கொண்டே இறங்கிப் போனார். அந்தப் பெட்ரோலின் வாசனை கையில் இருக்கும்போதே எழுதினாரோ என்னவோ, அந்த வாரத்திலேயே மெமோ வந்தது. கம்பெனி எரிபொருளை வெளியாட்களுக்கு வழங்கியது ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது என்றிருந்தது. அவர் வண்டி மலையில் நின்றது பற்றி அதில் ஒரு வரி இல்லை. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் வேலை இருக்கும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். வீட்டில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது இது என்று காரணம் சொல்லலாம். பயந்துதான் எழுதினேன். அதோடு மேனேஜர் மலைப் பக்கம் கட்டுப்படியாகவில்லை என்று ரிப்போர்ட் போட, மேலே இருந்த ஏழெட்டு ஊரையும் என் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். மாடு கத்தினால் யாரிடம் போவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சடையனுக்கு நான் ஏன் வராமல் போனேன் என்று சொல்லக்கூட ஒரு நடை போகவில்லை. அவர் மட்டும் ஊருக்கு வந்தால் பாஷா பாய் கடையில் என்னை விசாரிப்பாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை, புது வண்டி எவ்வளவு கொடுக்கிறது பார்ப்போம் என்று சித்தேரிக்கு ஏறினேன். ரோடு இப்போது நன்றாக இருக்கிறது. பாதி மலையில் ஒரு வண்டி ஓரமாக நின்றிருந்தது. நடு வயதில் கணவன், மனைவி, பின்னால் ஒரு மூட்டை. அந்த அம்மாள் கையில் காலி தண்ணீர் பாட்டில். கணவர் என் வண்டியைப் பார்த்துக் கையைக் காட்டினார். இன்னும் முப்பது கிலோமீட்டர் போகும் என்று அவருடைய வண்டித் திரை சொன்னதாம், மலை ஏறும் என்று அதற்குத் தெரியவில்லை.

இறங்கினேன். மனசுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒரு கால் பாட்டில் கொடுக்கப் போகிறேன். இடது கை அடியில் போனது. டேப் இல்லை. பிடுங்க டியூப் இல்லை. சுற்றிலும் பிளாஸ்டிக் மூடி, பம்பு டேங்க்குக்கு உள்ளே இருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தேன், உறிஞ்சி எடுக்க என்னிடமும் அவர்களிடமும் ஒரு முழ டியூப் கிடையாது. அந்த நேரம் கடந்து போன இரண்டு வண்டிகளும் இதே மாதிரிதான், ஒருவரும் நிறுத்தவில்லை, நிறுத்தியும் பயனில்லை. கீழே பங்க்கில் பாட்டிலில் வாங்கிவருகிறேன் என்றேன். பாட்டிலில் கொடுக்க மாட்டார்கள், காலையில் ஒருத்தர் கேட்டுத் திரும்பி வந்தார் என்றார் அவர். பரவாயில்லை, இறக்கம்தானே, உருட்டிக்கொண்டே போய்விடுகிறோம் என்று மூட்டையைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

அந்த அம்மாள் மட்டும் என் வண்டிப் பக்கம் வந்தார். திரையில் எண் எரிந்துகொண்டிருந்தது, இன்னும் நானூற்றுப் பத்து கிலோமீட்டர் போகலாம் என்று. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்க வண்டியில இல்லீங்களா?" என்று கேட்டார்.

இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.