பட்டறைக்குப் பூ போட்டுப் பார்த்தோம்

பேட்டையில் அட்டைப்பெட்டிப் பட்டறை ஒன்று போடலாம் என்று ஆரம்பித்தது என் மனைவியின் தம்பிதான். யோசனை அவனுடையது என்பதாலேயே எனக்கு உறுத்தியது. லாபம் வரும் என்று தெரிந்தால் சும்மா ஒருவன் அடுத்தவனைக் கூட்டுச் சேர்ப்பானா?

ஒரு நோட்டில் வேலைகளைப் பிரித்து எழுதினோம். அல்வாக் கடைகளில் ஆர்டர் பிடிப்பது அவன். இயந்திரமும் ஆட்களும் என் பாடு. நான் சொன்ன எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டினான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இருவருக்கும் ஒத்துவராதபோது யார் பேச்சு முடிவு என்பதை மட்டும் எழுத முடியவில்லை. அதைத் தீர்க்காமல் தொடங்கினால் ஒரே மாதத்தில் பூட்டிவிடுவோம். நானோ அச்சகத்து வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"கோயில்ல பூ போட்டுப் பாத்திருவோம் அத்தான்" என்றான். வெள்ளை வந்தால் நான், சிவப்பு வந்தால் அவன்.

வாழையிலையை நானே ஒரே அளவில் கிழித்தேன். நூலையும் நானே அளந்து கொடுத்தேன். என் இலையில் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். அவன் செவ்வரளியை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்று தன் பொட்டலத்தைக் கட்டினான். ஏதோ அடையாளம் வைக்கிறான் என்று, அந்தப் பொட்டலத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சந்நிதியில் இரண்டையும் போட்டுவிட்டு, கும்பிட வந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாவை ஒன்றை எடுத்துத் தரச் சொன்னோம்.

வெள்ளைதான் வந்தது.

அவன் முகம் வாடும் என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டு எனக்குத் திருநீறு வாங்கி வந்தான். தோற்றவன் எதற்குச் சிரிக்கிறான்? அவன் தேங்காய் உடைக்கப் போன நேரம் பார்த்து மற்ற பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நாளைக்கு ஒரு வில்லங்கம் என்றால் என் தலையில் கட்டத்தான் இந்த ஏற்பாடு என்று தோன்றியது. அவனை வெளியே இழுத்து வந்து, "சாமி முன்னால என்னலே வேல பாத்திருக்க?" என்றேன்.

"நான் தலையா இருந்தா ஒரு நாளாவது என்னய நம்பி வேல செய்ய விடுவியளா அத்தான்? பட்டற நடக்கணும்லா. அதான் நீங்களே இருங்கன்னு வச்சேன்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிரித்த பொட்டலம் என் கையிலேயே இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது.