பக்கத்து அடுப்படியில் ஒரு குரல்

உத்ரெக்ட் என்னும் இந்த ஊரில் பாதி வீடுகளுக்கு ஜன்னல் திரையே கிடையாது. கால்வாய் ஓரமாக நடந்தால் ஒவ்வொரு வீட்டுச் சாப்பாட்டு மேசையும், மேசையில் ரொட்டியும், சண்டை போடும் பிள்ளைகளும் தெரியும். ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. காரைக்குடியில் எங்கள் வீட்டைத் தெருவில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனாலும் "ஆச்சி இருக்கீகளா?" என்று கேட்டபடி இரண்டாம் கட்டு வரை வந்துவிடுவார்கள். நான் கூச்சக்காரி. இங்கே தலையைக் குனிந்துகொண்டுதான் நடப்பேன். எல்லாம் தெரிந்தும் உள்ளே போகமுடியாத வீடு என்றால் என்ன என்பது போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் சாத்தப்பன் இங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். அவன் அப்பச்சி, என் வீட்டுக்காரர், தவறிப்போன பிறகு, ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று என்னை அழைத்து வந்தான். அடுத்த குளிர்காலத்தில், வேலைக்குச் சைக்கிளில் போனவன் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எழுந்திருக்கவில்லை. இப்போது இந்த வீட்டில் நானும் மருமகள் உமையாளும்தான். அவள் எங்கள் பக்கத்து ஊரான நெற்குப்பைப் பெண். அவளுக்கும் கம்ப்யூட்டர் வேலைதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் அழுகை வரும் என்று பார்க்காமலே இருக்கப் பழகிவிட்டோம். அவள் மாடியில் ரொட்டி தின்பாள். நான் கீழே ரசம் வைத்துக்கொள்வேன்.

மாடிப்படிக்குக் கீழே சாத்தப்பன் ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர்ப் பெட்டி வைத்திருந்தான். நான் ஊரில் இருந்த காலத்தில் போனில் என்னோடு பேசியதை எல்லாம் அதில் பதிந்து வைத்திருந்தான். எடுத்துக் கேட்பதற்கு அவனே ஒரு மென்பொருளும் எழுதியிருந்தான். தினமும் சாப்பிட்டு முடித்ததும் டேப்லெட்டில் ஒரு பேச்சைக் கேட்பேன். நான் இங்கே வந்த பிறகு எங்களுக்குள் போன் எதற்கு? ஆகையால் ஒரே கூரையின் கீழ் நாங்கள் பேசிய பேச்சு ஒன்றுகூட அதில் இல்லை.

பெட்டி பழசாகி உள்ளே கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அது நின்றுபோவதற்குள் உமையாள் புதிதாக ஒன்று வாங்கி எல்லாவற்றையும் மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை நான் டேப்லெட்டைத் திறந்தபோது பக்கம் வந்தது. அவன் பூசிய பச்சை நிறம் இருந்தது. மேலே "ஆத்தாவும் நானும்" என்று அவன் போட்ட தலைப்பு இருந்தது. கீழே பேச்சுகள் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பாக ஆங்கில எழுத்து.

"என்ன எழுதியிருக்கு உமையா?"

"டேட்டாபேஸோட தொடர்பு கெடைக்கலையாம் அயித்தை. மறுத்துருச்சாம்."

"யாரு மறுத்தா?"

டேட்டாபேஸ் என்பது பேச்சை எல்லாம் அடுக்கி வைத்திருக்கும் உக்கிராண அறை மாதிரி என்று சொன்னாள். மென்பொருள் அங்கே போய்க் கேட்டு எடுத்து வரவேண்டுமாம்.

சாத்தப்பனோடு வேலை பார்த்த மார்க், போனில் அனுமதி கேட்டுக்கொண்டு மதியம் வந்தான். உக்கிராணம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, உள்ளே பேச்சும் குறையாமல் இருக்கிறது என்று பார்த்தார்கள். என் முகத்தைப் பார்த்து அவன் நிறுத்தி நிறுத்தி ஏதோ சொன்னான்.

"மறுத்தாத் தேவலையாம் அயித்தை. தட்டுன எடத்துல வீடு இருக்குன்னு அர்த்தமாம். பதிலே வராட்டித்தான் கவலைப்படணுமாம்."

தலையை ஆட்டினேன். பதிலே வராத இடம் எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் உமையாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எம்புத்திய என்ன சொல்ல! பழைய பெட்டியில மென்பொருளும் டேட்டாபேஸும் ஒண்ணா இருந்துச்சு. இதுல நான் தனித்தனியாப் பிரிச்சு வச்சேன். வேறு வச்ச மாதிரி அயித்தை. வீடு ஒண்ணு, அடுப்பு வேற. ஆனா மென்பொருள்ல உக்கிராணத்தோட முகவரிய மாத்தலை. இந்த வீட்டுலயேன்னுதான் இருக்கு. அது இம்புட்டு நேரமும் தன் கதவையே தட்டிக்கிட்டு இருந்திருக்கு."

எங்கள் சனத்தில் கல்யாணமான மகனை வேறு வைப்பார்கள். அதே வீட்டில் ஓர் அறை, ஓர் அடுப்பு, பண்ட பாத்திரம், அரிசி பருப்பு கொடுத்துத் தனியாகச் சமைக்க விடுவார்கள். என்னை வேறு வைத்த முதல் நாள், குழம்பு கொதிக்கையில் என் கை உப்பு ஜாடிக்காகச் சுவர் மூலையைத் துழாவியது. ஜாடி அந்த மூலையில் இருந்தது மாமியாரின் அடுப்படியில். அவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "அது அங்குட்டு இருக்குடி. இனிமே கேட்டுத்தான் வாங்கணும்."

முகவரியை மாற்றினார்கள். மார்க் கை தட்டினான். அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தேன். சிவப்பு எழுத்து அப்படியேதான் இருந்தது.

"இது வேற தப்பு அயித்தை. கதவு தொறந்துருச்சு, இப்ப கடவுச்சொல் சரியில்லைங்குது. அதான் கை தட்டுறாக."

"தப்பு மாறுனதுக்கா கை தட்டுறீக? இதென்ன கூத்து!"

நான் கையை விரித்ததும், போகச் சொல்கிறேன் என்று நினைத்து மார்க் அவசரமாகக் கோட்டை எடுத்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காபியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன். உமையாள் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

பிறகு சிரிப்பு நின்றது. பழைய கடவுச்சொல் சாத்தப்பன் வைத்தது. அதைத் தட்ட மனம் வராமல் உமையாள் புதிதாக ஒன்று கொடுத்திருக்கிறாள். டேட்டாபேஸ் அதை ஏற்கவில்லை. முதலில் சொன்னதையே பிடித்துக்கொண்டிருந்தது. அவள் பழையதைத் தட்டினாள். ஒவ்வோர் எழுத்துக்கும் உதடு அசைந்தது. என்ன சொல் என்று நான் கேட்கவில்லை.

பேச்சுகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைத் தொட்டேன்.

"ஆத்தா, கேக்குதா?"

பின்னால் எங்கள் காரைக்குடி வீட்டு வளவு முற்றத்தில் புறாக்கள் கத்தின. யாரோ வாளியை இழுத்தார்கள்.

"கேக்குதுப்பா. சாப்புட்டியா?" அது என் குரல்.

"ஆச்சு. நீக சாப்புட்டீகளா?"

"அது கெடக்கு. ஊருக்கு எப்பப்பா வருவே?"

"லீவு கெடைக்கலை ஆத்தா. பேசாம நீக இங்க வந்துருங்க. ஒண்ணா இருக்கலாம்."

உமையாள் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மார்க்குக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் காபியைக் கீழே வைத்துவிட்டான்.

அந்தப் பழைய பேச்சில் காரைக்குடியில் இருந்தவள், "சரிப்பா, வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். உத்ரெக்டில் இருந்தவள் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, வந்து உட்கார்ந்திருந்தாள்.