கிருமி வேடத்தில் ஈப்போ வரை

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கோலாலம்பூரில் ரயில் ஏறினேன். மடியில் ஒரு பெரிய பை. உள்ளே பச்சை நிறத்தில், முள்முள்ளாக ஓர் உடை. பரிசோதகர் பையைச் சந்தேகத்தோடு முகர்ந்தார். ரயிலில் நாற்றமடிக்கும் முள்ளுப் பழமான டுரியானைக் கொண்டுபோகக் கூடாதாம். “பழமில்லை, கிருமி” என்று மலாயில் சொன்னேன். அவர் ஓரடி பின்வாங்கினார். பக்கத்து இருக்கைப் பெண்மணி தஞ்சோங் மாலிம் வருவதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

நான் கிள்ளானில் கல்யாண வீடுகளில் மைக் பிடிப்பவன். மருத்துவம் எனக்கு மாத்திரை விழுங்கும் அளவுக்குத்தான் தெரியும். தோழி தேன்மொழி கால்நடை மருத்துவர். தொட்டதற்கெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுத்தால், தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாது என்று தோட்டம் தோட்டமாகச் சொல்லி வருகிறார். கூட்டத்தில் கொட்டாவி அதிகமாகிவிட்டதால் கிருமியாக நடிக்க ஆள் தேடினாராம். என் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்ததாம்.

பத்து மணிக்கு ஈப்போ. நிலையத்தருகே வெள்ளைக் காப்பி, மூன்று ரிங்கிட். பிறகு தேன்மொழியின் காரில் காம்பார் சாலையில் இருபத்தெட்டுக் கிலோமீட்டர். ஒரு பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள். மறுபக்கம் ரப்பர் நின்ற இடமெல்லாம் எண்ணெய் தரும் செம்பனை. தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் மட்டும் இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன.

பதினொன்றரைக்குக் கோயில் மண்டபத்தில் நாடகம். தேன்மொழிதான் மருந்து. சுருட்டிய செய்தித்தாளால் என்னை இரண்டு அடி அடித்து நிறுத்தினார். சாய்ந்தவன் எழுந்தேன். “செத்தது சோதாக் கிருமி. தப்பிச்சவன் நான். இனிப் பிறக்கிற என் பிள்ளைங்களுக்கும் இந்த அடி உறைக்காது” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், லயத்துக்கே மருந்து கொடுக்கும் சரசு அக்காவைத் தவிர. அவர் வீட்டுக்குப் போய் ஒரு பிஸ்கட் டின்னோடு திரும்பினார்.

லயத்தில் மிச்சமாகும் மாத்திரையெல்லாம் அதில்தான் சேருமாம். சிவப்பு கறுப்பு மாத்திரை காய்ச்சலுக்கு, மஞ்சள் புண்ணுக்கு. மனிதருக்கும் மாட்டுக்கும் அதே டின்.

“முனியாண்டி அண்ணே மாட்டுக்கும் இதுலதான் குடுத்தேன் டாக்டர்” என்றார்.

முனியாண்டி அண்ணன் மூன்று மாடு வைத்துப் பக்கத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் பால் ஊற்றுபவர். ஒரு மாட்டுக்கு மடிவீக்கம். போன வாரம் தேன்மொழி அதன் பாலைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். சிவப்பு கறுப்பு மருந்து அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது, வேறொரு மருந்துக்குத்தான் கேட்கும் என்று முடிவு வந்திருந்தது. தேன்மொழி கொட்டகைக்குப் போய் அந்த வேறு மருந்தை ஊசியாகப் போட்டார். வேடத்தோடு உள்ளே நுழைந்த என்னை மாடு சரியாக அடையாளம் கண்டு உதைத்தது.

இன்றும் மாத்திரை கொடுத்தீர்களா என்று தேன்மொழி கேட்டார். காலையில் வெல்லத்தில் வைத்து இரண்டு கொடுத்ததாகவும், மதியம் வீங்காத காம்புகளில் கறந்ததை மற்ற பாலோடு கலந்துவிட்டதாகவும் அண்ணன் சொன்னார். அந்தப் பால் கேன் மோட்டார் சைக்கிளில் புறப்படத் தயாராக நின்றது.

“அந்தப் பாலு போகக் கூடாதுண்ணே. மருந்தும் கிருமியும் குடிக்கிறவங்க ஒடம்புக்குப் போவும். இந்த மாட்டுப் பால நான் சொல்ற வரைக்கும் கொட்டிருங்க.”

“கொட்டிரலாம் லா. வாடிக்கைக்காரங்ககிட்ட என்ன சொல்றது? இத்தன நாளா மருந்துப் பாலு ஊத்துனேன்னா? அப்புறம் யாரு வாங்குவா?”

வாயால் பிழைப்பவன் அல்லவா நான்? உடனே ஒரு நல்ல பொய்யைத் தயாரித்துக் கொடுத்தேன். மாடு மிதித்துக் கேன் கவிழ்ந்துவிட்டது என்று சொல்லலாமே.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க கிருமி. ஒங்க பேச்சக் கேக்கலாமா?”

கேனைக் குழியில் கவிழ்த்தார். பிறகு கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து, முதலில் பால் வாங்கும் ஓர் ஆசிரியைக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். மருந்து, மாடு, கொட்டிய பால் எல்லாவற்றையும் சொன்னார்.

“போன வாரமும் அந்தப் பாலுதானா?” என்றது மறுமுனை.

“ஆமா டீச்சர். தெரியாமக் குடுத்துட்டேன்.”

“சரி. நல்ல பாலு வந்ததும் மொதல்ல எனக்குச் சொல்லுங்க.”

எல்லாரும் அப்படியில்லை, ஒருவர் இனி வர வேண்டாம் என்றார். அண்ணன் அடுத்த எண்ணை அழுத்தினார்.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். கிள்ளானில் யாரிடம் பால் வாங்குகிறேன் என்று யோசித்தேன். அட்டைப்பெட்டியின் படம்தான் நினைவுக்கு வந்தது. இங்கே அண்ணன் கேன் இல்லாமல் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வீட்டுல போன் எடுக்கல. நேர்ல சொல்லிட்டு வாரேன்.”