ஏம்பலத்து மாப்பிள்ளை

“ஆட்டுக்குப் போயி மொற பாக்குறா பாரு! இன்னாடி சொல்லித் தராங்க உங்க பள்ளிக்கூடத்துல?” என்று பெரியம்மா கேட்டபோது, வாசலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு.

செலியமேட்டில் எங்கள் தெருவுக்கு ஒரே கிடாதான், அம்மனுக்கு நேர்ந்துவிட்டது. முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறில் திருவிழா வருடக்கணக்கில் நின்றுபோக, வெட்டுப்பட வேண்டிய கிடா ஊரார் நெல்லையும் கரும்பையும் மேய்ந்து கொழுத்தது. சாமி கிடா இருக்கும்போது இன்னொன்று வளர்ப்பது அம்மனுக்கு மரியாதையில்லை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். எங்கள் ஆடு கறுப்பிக்கு அதுதான் அப்பா. கறுப்பி ஈன்ற குட்டிக்கும் அதுவேதான். “அப்போ அது கறுப்பிக்கு அப்பாவா, வூட்டுக்காரனா?” இதுதான் நான் கேட்டது.

அந்தக் குட்டிக்குக் கீழ்த்தாடை குட்டை. மடியைக் கவ்வ முடியவில்லை. பாலில் பஞ்சை நனைத்துப் புகட்டிப் பார்த்தேன், பிழைக்கவில்லை. அதற்கு முந்தைய ஈத்தில் குட்டி செத்தே விழுந்திருந்தது. அம்மா திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். “இன்னொரு வாட்டி இப்டி ஆச்சின்னா கசாப்புக்குப் புடிச்சிக் குடுத்துடுவேன்” என்றும் சொல்லிவிட்டாள்.

ஏம்பலத்து மாமா வந்தபோது அவரிடம் அழுதேன். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, “எங்கூர்ல ஒரு மாப்ள இருக்கான்டி, செவல. வரதட்சண கேக்க மாட்டான்” என்றார். கறுப்பி கிடா தேடிக் கத்தத் தொடங்கியதும் மொபெட்டோடு வந்து நின்றார். பின்னால் நான், நடுவில் கறுப்பி. வழியில் ஒரு டீக்கடைக்காரர், “இன்னாபா, இந்தக் கத்து கத்துது?” என்றார்.

“கல்யாணத்துக்குப் போவுதுபா. அழுவாதா?”

அந்த ஈத்தில் இரட்டைக் குட்டிகள். ஈரம் காயும் முன்பே எழுந்து மடியை முட்டின. கறுப்பியைக் கசாப்புக்குக் கொடுக்கும் பேச்சு அதோடு நின்றது. சாமி கிடா கிழடாகிவிட்டதால் அதில் செவலைக் கிடாக்குட்டியை வளர்க்க யாரும் தடை சொல்லவில்லை. அது வளர்ந்ததும், பெரியம்மாவே தன் ஆட்டை எங்கள் வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே தெருவும் வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

முறை தப்பிய கோபத்தில்தான் அம்மன் குட்டியை எடுத்துக்கொண்டாள் என்று அப்போது நம்பினேன். அம்மனுக்கு ஒரு கோபமும் இல்லை. ஒரே இரத்தத்தில் இரண்டு பக்கமும் ஒளிந்திருந்த குறை குட்டியில் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். கால்நடை மருத்துவம் படிக்கப் போன பிறகே இது எனக்குத் தெரிந்தது. ஆனால் தெருவில் செவலைக் குட்டிகள் ஒவ்வொன்றாகப் பிறக்கப் பிறக்க, எல்லாம் கறுப்பியின் பேரப்பிள்ளைகள் என்று பூரித்துப்போனேனே, இன்னொரு சாமி கிடாவைத்தான் நாங்கள் வளர்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அந்தச் சிறுமிக்குப் புரியவில்லை.

அந்தச் செவலையின் வழியில் வந்த கிடாதான் இத்தனை காலமும் தெருவை ஆண்டது. போன வாரம் அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றி சேதராப்பட்டுக்கு அனுப்பிவிட்டேன். மாற்றாக அங்கிருந்து வந்த வெள்ளைக் கிடா பக்கத்து வீட்டு வேலியைத் தின்றுகொண்டிருக்கிறது. அதன் குட்டிகள் பருவத்துக்கு வரும் முன் அதுவும் வண்டியேற வேண்டும் என்று தெருவில் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.