இரண்டு டிவிடியிலும் பெரியவள்

கப்பல்காரர் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கை காட்டுவார்கள். கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு வால்விலும் பெயர் எழுதியிருக்கும். தப்பான வால்வைத் திறந்தால் அத்தனை பேரும் அம்பேல். அந்தப் பழக்கம் கரைக்கு வந்தும் விடவில்லை. உப்பு டப்பாவில் 'உப்பு' என்று ஒட்டினார். மின்விசிறி சுவிட்சில் 'மின்விசிறி' என்று ஒட்டியபோது மனைவி, "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுங்க, மறந்து தொலைச்சிடப் போறீங்க" என்றாள். மனிதர் அதையும் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்.

இப்படிப்பட்டவர் கையில் தெர்மல் பிரிண்டர் கிடைத்தால் சும்மா இருப்பாரா? பழைய வீடியோ கேசட்டுகளை டிவிடியாக மாற்றும் வேலையில் இறங்கியிருந்தார். டிவிடியின் மேல் பேனாவால் எழுதினால் கை பட்டு அழிகிறது. காகிதம் ஒட்டினால் ப்ளேயருக்குள் உரிந்து மாட்டிக்கொள்கிறது. இந்தச் சின்னப் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. உள்ளே ஒரு ரிப்பன். சூடு பட்டதும் எழுத்து அதிலிருந்து கழன்று டிவிடியின் மேல் ஒட்டிக்கொள்ளும். நடுத் துளைக்கு மேலே ஒரு வரி. டிவிடியைத் திருப்பி வைத்தால் கீழே இன்னொரு வரி. வாங்கிய அன்றே ஒன்றை அச்சடித்து, குழாயடியில் தேய் தேயென்று தேய்த்து, "பாத்தியா? அழியவே அழியாது" என்று மனைவியிடம் காட்டினார்.

"நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அவருக்கு இரட்டைப் பெண்கள். இருவரும் வெவ்வேறு ஊரில் வேலையில் இருக்கிறார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு பேரும் வருகிறார்கள். ஆளுக்கொரு டிவிடி கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவரவர் முதன்முதலாக நடந்த காட்சி. அவர் நடுக்கடலில் இருந்தபோது மனைவி படம் பிடித்தது.

'பெரியவள் நடந்த நாள்' என்று அடித்து, பொத்தானை அழுத்தினார். கச்சிதமாக வந்தது. அடுத்த டிவிடியை வைத்தார். போன் அடித்தது, பேசிவிட்டு வந்து, வந்த வேகத்தில் பொத்தானை அழுத்தினார். வாசகத்தை மாற்றவில்லை. மாற்றாதவரைக்கும் அந்த இயந்திரம் முன்பு அடித்ததையே அடிக்கும். இரண்டாவதிலும் 'பெரியவள் நடந்த நாள்'.

பதறிப்போய் இரண்டையும் கையில் எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்ததில், எது முதலில் அடித்தது, எது பிறகு அடித்தது என்பதும் போயிற்று. பெயர் எழுதிய கேசட்டுகளைக் காலையில்தான் பழைய பொருள் வாங்குகிறவரிடம் போட்டிருந்தார். கம்ப்யூட்டரில் இருந்ததையும் இடம் போதவில்லை என்று அழித்தாயிற்று.

அதனால் என்ன, போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று போட்டார். ஒரு குழந்தை வெள்ளை கவுனில் தத்தித் தத்தி வந்து பொத்தென்று உட்கார்ந்தது. அடுத்ததைப் போட்டார். அதே அறை, அதே கவுன், அதே பொத்து. படம் பிடிக்கிற மனைவியின் குரல் மட்டும் கேட்டது. இதிலும் "வாடா தங்கம்", அதிலும் "வாடா தங்கம்". பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் குறைந்தா போயிருப்பாள்?

வளர்ந்த பெண்களை அவருக்கு நன்றாகத் தெரியும். பெரியவள் கண்ணாடி போட்டிருப்பாள். இந்தப் பொடிசுகளை எப்படிக் கண்டுபிடிப்பது? மூக்கைப் பார்த்தார், காதைப் பார்த்தார். முதலாவதுதான் பெரியவள் என்று முடிவு கட்டினார். மறுபடி போட்டுப் பார்த்ததும் இரண்டாவதுதான் என்று தோன்றியது. இன்னொரு முறை பார்த்தபோது இரண்டும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளோ என்றே சந்தேகம் வந்துவிட்டது.

மனைவியைக் கேட்டால் ஒரு நொடியில் தீரும். ஆனால் வாய் வரவில்லை. அந்தக் காலத்தில் லீவில் வந்தவர், பால் குடித்த குழந்தைக்கே மறுபடி புட்டியைக் கொடுத்து, இன்னொன்றை அலறவிட்டார். "பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியல இவருக்கு" என்று அவள் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிச் சிரித்தது இன்றுவரை ஓயவில்லை. இப்போது இதுவும் தெரிந்தால், அதுவும் பெண்கள் வருகிற நாளில்... நினைக்கவே அவருக்கு அவமானமாக இருந்தது.

"எத்தனை தடவைதான் அதையே பாப்பீங்க?" மனைவி ஈரத்துண்டோடு வாசலில் நின்றாள்.

"படம் தெளிவா வந்திருக்கான்னு பாக்கறேன்."

அவள் மேஜையிலிருந்த டிவிடியைப் பார்த்தாள். ப்ளேயரிலிருந்து வெளியே வந்த இன்னொன்றையும் பார்த்தாள். அவர் திருதிருவென்று முழித்தார். சிரிக்கப் போகிறாள் என்று காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை.

"கால் கட்டைவிரலைப் பாருங்க. நகத்துல சிவப்பு பூசியிருந்தா பெரியவ. அப்படி வச்சுத்தான் நானே கண்டுபிடிப்பேன்."

பார்த்தார். ஒன்றில் பொட்டு மாதிரி சிவப்பு. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். ஆனால் எஞ்சின் அறைப் புத்தி எங்கே போகும்?

"சரி, அந்தப் பூச்சு அழிஞ்சா என்ன பண்ணுவே?"

மனைவி துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"ஒரு தடவை அழிஞ்சுது. எனக்கு நல்ல காய்ச்சல், எந்திரிக்கவே முடியல. தெளிஞ்சு பாத்தா ரெண்டு பேர் விரல்லயும் ஒண்ணும் இல்ல. மூக்கைப் பாத்தேன், காதைப் பாத்தேன். ஒண்ணும் புரியல."

"அப்புறம்?"

"நீங்க எந்தக் கடல்ல இருந்தீங்களோ, யாரைக் கேக்க? முதல்ல அழுதவளுக்குப் பூசிட்டேன். அன்னையிலேருந்து அவ பெரியவ."

"சரியாத்தான் பூசியிருப்பே."

"இருக்கலாம்."

அவருக்குத் தலை சுற்றியது. பெரியவள் சின்னவளா, சின்னவள் பெரியவளா? "இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"பால் புட்டிக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? நீங்களும் குழம்பினதைப் பாத்தப்பதான் எனக்கு உசுரே வந்துது."

இரண்டு குழந்தைகளையும் மடியில் போட்டுக்கொண்டு அவள் தனியாக முழித்த அந்த நாளில், தான் எந்தக் குழாய்க்கு என்ன பெயர் எழுதிக்கொண்டிருந்தோமோ என்று நினைத்தார். எழுந்துபோய் டிவிடிகளைத் திருப்பி வைத்தார். இரண்டிலும் கீழே 'சின்னவள் நடந்த நாள்' என்று அடித்தார்.

மதியம் பெண்கள் வந்து மேஜையைச் சூழ்ந்தார்கள்.

"என்னப்பா இது, ரெண்டுலயும் ரெண்டு பேரும் இருக்கோம்?" என்றாள் சின்னவள்.

"நான்தானே பெரியவ, நான்தான் முதல்ல எடுப்பேன்" என்று கண்ணாடிக்காரி கை நீட்டினாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டிலிருந்து மாடி அறைவரை எல்லாமே இப்படித்தான் நடந்தது. சின்னவளும் வழக்கம்போல ஒதுங்கி நின்றாள்.

"இன்னைக்கு ஒரு நாள் அவ முதல்ல எடுக்கட்டும்மா" என்றார் கப்பல்காரர்.

"இதென்னப்பா புதுசா?"

அவர் இரண்டு டிவிடிகளையும் சின்னவள் பக்கம் நகர்த்தி வைத்தார். மனைவி தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று அடுப்படிக்குள் போனாள், வெகுநேரம் வரவில்லை.