வீரபாகு மேஸ்திரி ஊறப்போட்ட ஜாவா பீமன்

"தோல்ல தப்பு இருக்கும். என் கையில இருக்காது." 1971ஆம் வருஷம் ஆம்பூர் டீக்கடை ஒன்றில் வீரபாகு மேஸ்திரி இப்படிப் பிரகடனம் செய்தார். யாரும் மறுக்கவில்லை. அன்றைய டீ அவர் கணக்கு.

ஏழு வருஷம் கழித்து, டீக்கடைப் பக்கமே அவர் போவதில்லை. அரைப்பதத் தோலை அப்படியே கப்பலேற்றக் கூடாது, முழுக்க முடித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று சர்க்கார் கெடுபிடி செய்ததில், அவர் வேலை பார்த்த முனீர் அகமதுவின் தோல் டேனரியில் பாதித் தொட்டிகள் காய்ந்துபோயின. காய்ந்த தொட்டிக்கு மேஸ்திரி எதற்கு? வேலை கேட்டுப் போன இடங்களில் "மெஷின் ஓட்டத் தெரியுமா?" என்றார்கள். மனைவி அம்சவேணி பீடி சுற்றினாள். ஆயிரக்கணக்கான எருமைகளை அடக்கியாண்ட அவர் விரல்கள் பக்கத்தில் உட்கார்ந்து பீடிக்கு நூல் கட்டின. அதையும் அவள் பிரித்துத் திரும்பக் கட்டினாள். ரயில் பாதையோரம் அவர் தனியாக நடப்பதைப் பார்த்ததாக யாரோ சொன்னதிலிருந்து, பீடி இலை வாங்கப் போனாலும் அவரைக் கூடவே கூட்டிப் போனாள்.

இந்த நிலையில்தான் இந்தோனேசிய அரசு இந்தியாவுடனான நட்பை வலுப்படுத்தத் தீர்மானித்தது.

ஜாவா அரண்மனை ஒன்றின் ஆட்டக்காரிகளும் வெண்கல வாத்தியக்காரர்களும் தோல்பாவைக் கூத்துக்காரரும் சென்னையில் ஆடி முடித்துப் பெங்களூருக்குப் போகும் வழியில், ஆம்பூரில் ஒரு மாலை ஆடுவதாக ஏற்பாடு. வரவேற்புக் கமிட்டித் தலைவர் முனீர் அகமது. கலைமேல் அவருக்கிருந்த பற்று அதுவரை வெளியே தெரிந்ததில்லை. ஜாவாவில் எருமை ஜாஸ்தி என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜோலார்பேட்டையில் பெட்டி இறக்கும்போது ஒரு பெட்டி நசுங்கி, உள்ளே இருந்த தோல்பாவை பீமன் வளைந்துபோனான். பீமன் இல்லாமல் கூத்து நடக்காது. முனீர் அகமது வீரபாகுவுக்கு ஆள் அனுப்பினார்.

"இன்னா வீரபாகு, பீமனுக்குக் கூன் விழுந்துடுச்சு. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள நேராக்கிக் குடு. திங்கக்கிழமை புது செக்‌ஷன்ல மேஸ்திரியா வந்து நில்லு."

"பீமனா மொதலாளி இது? மூக்கு கொக்கு மாதிரி இருக்குது."

கூத்துக்காரர் ஏதோ சொன்னார். கூட வந்த சென்னை அதிகாரி, "ரெண்டு பலகைக்கு நடுவுல வெச்சு மேல பாரம் ஏத்தினாப் போதுமாம்" என்று மொழிபெயர்த்தார். வீரபாகு சிறு பிள்ளையின் பேச்சைக் கேட்டதுபோலச் சிரித்தார். பாவையை நகத்தால் தட்டினார். கொட்டாங்குச்சி மாதிரி ஓசை வந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தார், வெளிச்சம் ஊடுருவியது.

"பச்சைத் தோலு மொதலாளி. சுண்ணாம்போட நிறுத்திட்டாங்க. பட்டைத் தண்ணியே காட்டல. பாவம், அரண்மனைல நல்ல மேஸ்திரி கெடைக்கல போல."

விறைப்பாக நிற்கவும் வெளிச்சத்தை விடவும்தான் அது பதனிடப்படாமல் இருந்தது. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா என்பது ஆராய்ச்சிக்குரியது. பதனிடாத தோல் எங்கே கண்ணில் பட்டாலும் ஆம்பூர்க்காரன் கை முதலில் அதை ஊறத்தான் போடும். பீமனும் ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறினான்.

காலையில் வந்து பார்த்தபோது தொட்டியின் மேல் பாவையின் தங்கப் பூச்சு மிதந்தது. பீமனின் கிரீடம், வளை, முகம் எல்லாம் தனித்தனியாக மிதந்துகொண்டிருந்தன. இரண்டு உள்ளங்கைகளாலும் அள்ளினார். தங்கம் விரலிடுக்கில் வழிந்து மறுபடி தண்ணீரிலேயே விழுந்தது. அடியில் பீமன் துவைத்த கோவணம்போலக் கிடந்தான். பதறிய வீரபாகு, பதறிய எந்த மேஸ்திரியும் செய்வதைச் செய்தார்: ஆவாரம்பட்டைத் தண்ணீரில் முக்கினார். பீமன் செருப்பு நிறத்துக்கு வந்தான்.

சோறு கொண்டுவந்த அம்சவேணி எட்டிப் பார்த்தாள். "இதுல எதுய்யா தலை?" என்றாள். அவர் சோற்றைத் தொடவில்லை. அவள் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானம் வந்த முனீர் அகமது தொட்டியைப் பார்த்தார். எருமைகள் கூட்டங்கூட்டமாகக் கடலுக்குள் இறங்கிப் போவது அவர் முகத்தில் தெரிந்தது. அப்புறம் சுதாரித்தார்.

"நம்ம வேன்ல மழை ஒழுகி நனைஞ்சுபோச்சுன்னு சொல்லிடலாம். சர்தார் பாஷாவ வேலைய விட்டு அனுப்பிட்டா அவங்களும் சமாதானமாய்டுவாங்க. நீ வாயத் தொறக்காத. திங்கக்கிழமை வந்துடு."

சர்தார் பாஷா வேன் டிரைவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "இன்னா மேஸ்திரி, மறுபடி வேலையாமே? திங்கக்கிழமை முன்சீட்டு உனக்குதான்" என்று கதவைத் திறந்துவிட்டார். கூத்து நடக்கும் மண்டபம் போகும்வரை வீரபாகுவின் மடியில் பீமன் ஈரமாக இருந்தான்.

மேடையில் வெண்கல வாத்தியங்களை வரிசையாக வைத்துவிட்டார்கள். பாவைகளைக் குத்தி நிறுத்த ஒரு வாழைத்தண்டு கேட்டிருந்தார் கூத்துக்காரர். கமிட்டி குலையோடு ஒரு மரத்தையே மாதனூரிலிருந்து கொண்டுவந்து வாசலில் கட்டியிருந்தது. கூத்துக்காரர் பீமனைக் கையில் வாங்கினார். அது அவர் மணிக்கட்டின் இரண்டு பக்கமும் தொங்கியது. முகம் இருந்த இடத்தை விரலால் தடவினார். கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தோல்ல ஏதாவது குறை இருந்துச்சான்னு கேக்கறார்" என்றார் அதிகாரி.

"அது வந்து, நம்ம வேன்ல..." என்று ஆரம்பித்தார் முனீர் அகமது.

"தோல்ல ஒரு குறையும் இல்லீங்க" என்றார் வீரபாகு. "வேன்லயும் இல்ல. அவர் பாரம்தான் வெக்கச் சொன்னார். நான் ஊறப்போட்டுக் கெடுத்துட்டேன்."

அதிகாரி மொழிபெயர்க்காமல் முதலாளி முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார்" என்றார் வீரபாகு, மெதுவாக. "அவர் காத்துனு இருக்காரு."